கரும்பாறை, வெண்மணல், நடுவில் கருப்பட்டி

நாள் 1, வெள்ளி இரவு, அலமகோர்டோ (நியூ மெக்சிகோ)

ஏழு மணி நேரம் காரோட்டி விடுதிக்கு வந்து சேர்ந்தாயிற்று. அம்மா குளித்துவிட்டு, தீபாவளியில் மிஞ்சிய முறுக்கு டப்பாவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறாள். நாய் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டு டப்பாவையே பார்க்கிறது. கண் சொருகுவதற்குள் இன்றைய பாட்டை எழுதிவிடுகிறேன்.

நாயின் பெயர் கருப்பட்டி. சொந்த ஊர் உடன்குடி என்றால் வேறு என்ன பெயர் வைப்பது? மூன்று வருடம் முன்பு காப்பகத்திலிருந்து கூட்டிவந்தேன். என்ன இனம் என்று கேட்டதற்கு அங்கிருந்தவர்களே உதட்டைப் பிதுக்கினார்கள். நிறம் மட்டும் சந்தேகமே இல்லை, அசல் கருப்பட்டி வட்டு. கொஞ்ச நாள் ‘பட்டி’ என்று சுருக்கிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அலுவலகத்து மலையாளி நண்பர் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் மொழியில் பட்டி என்றாலே நாய்தானாம்.

அம்மா அமெரிக்கா வந்து இரண்டு மாதம் ஆகிறது. “நாயி இருக்க வேண்டிய எடம் வாசலு” என்பது அவள் கட்சி. கருப்பட்டிக்கு வேளாவேளைக்குச் சோறு வைப்பதெல்லாம் அவள்தான். ஆனால் தட்டை வைத்ததும் இரண்டடி பின்னால் போய்விடுவாள். இதுவரை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

அரிசோனாவில் நாங்கள் இருக்கும் சாண்ட்லரிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலை. டூசானைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சகுவாரோ கள்ளிகள் காணாமல் போய்விட்டன. கைதூக்கி நிற்கும் அந்த உயரக் கள்ளி சொனோரன் பாலையின் சொத்து. அது நின்றுவிட்டது என்றால் சிவாவா பாலைக்குள் நுழையப் போகிறோம் என்று பொருள். லார்ட்ஸ்பர்க் பக்கம் வறண்ட ஏரிப் படுகை ஒன்றின் குறுக்கே சாலை போகிறது. புழுதி எழும்பினால் முன்னால் போகும் வண்டிகூடத் தெரியாது என்று வரிசையாக எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். இன்று காற்றே இல்லை, பிழைத்தோம். நியூ மெக்சிகோ எல்லையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தாவியது. கோடையில் கடிகாரத்தைத் திருப்பும் வழக்கம் அரிசோனாவில் இல்லை, இங்கே உண்டு. “அப்ப ஒரு மணி நேரத்த எங்கலே விட்ட?” என்று அம்மா கேட்டதற்கு லாஸ் குரூசஸ் வரும்வரை விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

சரி, தூங்க வேண்டும். நாளைக்குத்தான் விசேஷம்.

நாள் 2, சனி

திட்டம் எளிது: காலையில் கறுப்பு, மாலையில் வெள்ளை.

துலரோசா பள்ளத்தாக்கு என்று இதற்குப் பெயர். மேற்கே சான் ஆண்ட்ரெஸ் மலைகள், கிழக்கே சாக்ரமெண்டோ மலைகள், நடுவில் பெரிய தாம்பாளம் போல ஒரு பள்ளம். இந்தத் தாம்பாளத்தின் வடக்குப் பக்கத்தில் எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கிறது. தெற்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று மணல். இரண்டுக்கும் இடையே காரில் ஒன்றரை மணி நேரம்தான். கரும்பாறை வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதால் அதைக் காலையிலேயே முடித்துவிட நினைத்தேன். இரண்டு இடத்திலும் நாய்க்கு அனுமதி உண்டு, ஆறடிக்கு மேற்படாத வார் கட்டியிருக்க வேண்டும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் இது அபூர்வம். பல பூங்காக்களில் நாய் கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி நடைபாதையில் கால் வைக்கக்கூடாது. இந்தப் பயணத்துக்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்த காரணமே அதுதான்.

எட்டு மணிக்குக் கிளம்பி 54ஆம் எண் சாலையில் வடக்கே போனோம். ஊர் தாண்டியதும் முப்பதடி உயரத்தில் ஒரு பிஸ்தா பருப்புச் சிலை. சுற்றிலும் பிஸ்தா தோட்டங்கள். அம்மா கண்ணாடியை இறக்கி அண்ணாந்து பார்த்துவிட்டு, “பலாக்கொட்டைக்கு எதுக்குலே செல வச்சிருக்கானுவ?” என்றாள். இறங்கி ஒரு பொட்டலம் வாங்கினோம். அப்புறம் த்ரீ ரிவர்ஸ் என்ற இடம். ஜோர்னாடா மோகொயோன் என்ற பழங்கால மக்கள் பாறைகளில் கொத்தி வைத்த படங்கள் அங்கே 21,000க்கும் மேல் இருக்கின்றன. அதற்கே தனியாக ஒரு நாள் வேண்டும் என்பதால் நிறுத்தவில்லை. கரிசோசோ என்ற குட்டி ஊரில் தெருவோரம் வண்ணம் தீட்டிய கழுதைச் சிலைகள் நிற்கின்றன. கருப்பட்டி ஒவ்வொரு கழுதையையும் பார்த்துக் குரைத்தது. எதுவும் திரும்பிக் கத்தாததில் அதற்கு ரொம்ப வருத்தம்.

கரிசோசோவிலிருந்து மேற்கே நான்கு மைல் போனால் ‘நெருப்புப் பள்ளத்தாக்கு’. தூரத்திலிருந்து பார்த்தபோது ஏமாற்றமாக இருந்தது, யாரோ நிலத்தை உழுது போட்டதுபோல் தெரிந்தது. கிட்டே போன பிறகுதான் உழவே முடியாத நிலம் என்று புரிந்தது. ஸ்பானியக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் மல்பாயிஸ், அதாவது ‘கெட்ட நிலம்’. குதிரையில் வந்தவன் வைத்த பெயர் என்று பார்த்ததும் சொல்லிவிடலாம்.

சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் வடக்கே லிட்டில் பிளாக் பீக் என்ற சிறு கூம்பிலிருந்து வழிந்த குழம்பு இது. மலை வெடித்துச் சிதறிய கதை இல்லை. பொங்கல் பானை பொங்கி அடுப்பு வழியாக வழிகிற மாதிரி, சாவகாசமாக 44 மைல் ஓடியிருக்கிறது. அகலம் நாலு முதல் ஆறு மைல் வரை, கனமான இடத்தில் 160 அடி. மேல்தோல் ஆறி இறுகிய பிறகும் அடியில் சூடான குழம்பு ஓடிக்கொண்டே இருந்ததால் மேலே கயிறு முறுக்கியதுபோல் மடிப்பு மடிப்பாக இருக்கிறது. அடியில் வெற்றிடம் விழுந்த இடங்களில் கூரை உள்ளே அமுங்கிப் பள்ளமாகிவிட்டது. பாறை முழுக்க ஊசித்துளைகள், குழம்பிலிருந்த வாயு தப்பிப்போன வழிகள். அம்மா தடவிப் பார்த்து, “நம்ம ஆட்டுக்கல்ல புதுசா கொத்துனா இப்படித்தான் இருக்கும்” என்றாள். என்னால் இதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது. உள்ளங்கையைக் கொஞ்சம் அழுத்தினால் தோல் சிராய்ந்துவிடும்.

அதனால்தான் கருப்பட்டிக்கு நாலு காலுக்கும் ரப்பர் அடி வைத்த துணிச்செருப்பு வாங்கி வந்திருந்தேன். போட்டுவிட்டதும் அது பரதநாட்டியம் பழகும் குதிரை மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தது. அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் போன ஒரு தாத்தாவும் நின்று சிரித்தார். பத்தாவது நிமிடம் முன்காலில் ஒரு செருப்பைக் காணோம். எங்கே கழற்றி விட்டது என்று இன்றுவரை தெரியாது.

பாறை நடுவே சிமெண்ட் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள், முக்கால் மைல் சுற்று. சக்கர நாற்காலியே போகலாம் என்பதால் அம்மாவின் முட்டிக்குப் பிரச்சினை இல்லை. கெட்ட நிலம் என்கிறார்களே தவிர, விரிசலுக்கு விரிசல் செடி முளைத்திருக்கிறது. காற்று கொண்டுவந்த புழுதியும் மழைத்தண்ணீரும் பாறை இடுக்கில் தங்குகின்றன, அது போதும். கள்ளி, சோட்டோல் என்ற முள்ளிலைச் செடி, முறுக்கிக்கொண்டு நிற்கும் ஜூனிப்பர் மரங்கள். பாறைமேல் ஒரு ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது, ஷூ பாலிஷ் போட்டதுபோல் கறுப்பு. கருப்பட்டி மூக்கை நீட்டும்வரை எனக்கு அது பாறையின் ஒரு மொட்டாகத்தான் தெரிந்தது.

அந்த மூக்கு நீட்டலில்தான் வினை. ஓணான் பாய, இது பாய, வார் இழுபட, செருப்பில்லாத முன்கால் நேராகச் சோயா (cholla) என்ற கள்ளியின் உதிர்ந்த துண்டு ஒன்றில் போய் இறங்கியது. சோயா முள் சாதாரண முள் இல்லை. நுனியில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு, உள்ளே போவது சுலபம், வெளியே வராது. கையால் எடுத்தால் நம் கையில் ஏறிக்கொள்ளும். வாயால் எடுக்கப் போனால் நாயின் நாக்கில். அரிசோனாவில் நாய் வைத்திருப்பவர்கள் எல்லாரும் பையில் ஒரு சீப்பு வைத்திருப்பார்கள், துண்டுக்கு அடியில் சீப்பைக் கொடுத்து நெம்பித் தூர எறிய. என் சீப்பு சாண்ட்லர் வீட்டுச் சாவி மாட்டுகிற ஆணிக்குக் கீழே பத்திரமாக இருந்தது.

கருப்பட்டி ஊளையிட்டுக்கொண்டு காலை வாய்க்குக் கொண்டுபோகப் பார்க்கிறது. நான் ஒரு கையால் தலையைப் பிடித்தால் காலைப் பிடிக்க ஆளில்லை. அம்மா கைப்பையைத் திறந்து தன் சீப்பை எடுத்து நீட்டினாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, சேலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, நாயின் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக் கழுத்தை இறுக்கிப் பிடித்தாள்.

“ஆட்டாத. மூதேவி, ஆட்டாதன்னா. ஏலே, நீ பிடுங்கு!”

ஒரே நெம்பு, துண்டு பறந்தது. மிச்சமிருந்த நாலு முள்ளைக் காரிலிருந்த குறட்டால் எடுத்தேன். கடைசி முள் வரும்வரை அம்மா கையை எடுக்கவில்லை. முடிந்ததும் எழுந்து சேலையை உதறிவிட்டு, “கை கழுவணும், தண்ணி எங்க?” என்றாள், ஒன்றும் நடக்காதது மாதிரி.

நிழற்குடையின் கீழ் தயிர்சோறும் மாவடுவும். மேற்கே அடிவானத்தில் ஓஸ்குரா மலைத்தொடர் நீலமாகக் கிடந்தது. 1945 ஜூலை 16 விடிகாலையில் உலகின் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்த டிரினிட்டி திடல் அந்த மலைகளுக்கு அப்பால்தான். இன்று ஏவுகணைச் சோதனைத் தளத்துக்குள் இருக்கிறது, நினைத்தபோது போய்ப் பார்க்க முடியாது. அம்மாவிடம் சொன்னேன். “அங்க யாரும் குடியிருக்கலயா?” என்று கேட்டாள். இருந்தார்கள், பண்ணைக்காரர்கள், சுற்றுவட்டாரத்துச் சின்ன ஊர்க்காரர்கள். அவர்களிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா மாவடுவைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்தாள்.

மூன்று மணிக்கு மேல் வெள்ளை மணல், அதாவது ஒயிட் சாண்ட்ஸ் தேசியப் பூங்கா.

இந்தப் பூங்காவுக்கு வருபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வானிலையை அல்ல, ஏவுகணைச் சோதனை அட்டவணையை. சோதனை நடந்தால் பூங்காவையும் 70ஆம் எண் சாலையையும் கொஞ்ச நேரம் மூடிவிடுவார்கள். இன்று சோதனை இல்லை. நுழைவுக் கட்டணம் காருக்கு 25 டாலர். வாசலில் இருக்கும் பார்வையாளர் மையத்தைத் தாண்டினால் உள்ளே எங்கும் தண்ணீர் கிடையாது. இருந்த எல்லாப் புட்டிகளையும் நிரப்பிக்கொண்டேன். உள்ளே எட்டு மைல் சாலை. முதலில் இருபுறமும் புதரும் மணலும் கலந்து கிடக்கும். ஐந்து மைலில் தார் முடிந்து சாலையே வெள்ளையாகிவிடும். காற்று தள்ளிவரும் மணலைச் சாலையிலிருந்து வழித்து ஓரத்தில் குவித்திருக்கிறார்கள். பனி பெய்யும் ஊரில் பனியை ஒதுக்கிவைத்த மாதிரியே இருந்தது, கை தானாகக் காரின் ஹீட்டரைத் தேடியது.

“ஏலே… இது உப்பளம்லா!”

தூத்துக்குடி சாலையில் உப்பு அம்பாரம் பார்த்து வளர்ந்தவளுக்கு வேறு எது தோன்றும்? உப்பு இல்லை, ஜிப்சம் என்றேன். முகத்தில் மாற்றமே இல்லை. பள்ளிக்கூடத்து சாக்பீஸ் என்று சொன்ன பிறகுதான் கண் விரிந்தது. “இம்புட்டும் சாக்பீஸாலே?”

இம்புட்டும்தான். 275 சதுர மைல். உலகில் இதைவிடப் பெரிய ஜிப்சம் மணல்மேடு வேறெங்கும் இல்லை. பாலை மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். ஜிப்சம் தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் ஆறு அதைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும், மணலாகத் தங்காது. ஆனால் துலரோசா தாம்பாளத்திலிருந்து வெளியே போக ஒரு ஆறும் இல்லை. மழை மலையிலிருந்து கரைத்துக்கொண்டு வந்த ஜிப்சம் இங்கேயே தேங்கி, தண்ணீர் வற்றியதும் பளிங்குக் கட்டிகளாகப் படிந்தது. வெயிலும் குளிரும் அதை உடைத்தன, தென்மேற்குக் காற்று பொடியாக்கி மேடு மேடாகக் குவித்தது. அம்மாவுக்கு உப்பளம் என்று தோன்றியது பாதி சரிதான். வழிமுறை அதேதான், பாத்தி கட்ட ஆளில்லை, அவ்வளவுதான்.

காரை நிறுத்திக் கதவைத் திறந்தேன். கருப்பட்டி ஒரு காலை மட்டும் வெளியே வைத்துப் பார்த்தது. முள் குத்திய கால். அப்புறம் இன்னொரு கால். அப்புறம் என்னை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறியது.

அம்மா செருப்பைக் கழற்றவே மாட்டேன் என்றாள். காரணம் எனக்குத் தெரியும். உடன்குடிப் பக்கத்துத் தேரி மண் செக்கச்செவேல் என்று இருக்கும். பங்குனி வெயிலில் அதில் வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம்தான். சின்ன வயதில் பதநீர் எடுத்துக்கொண்டு தேரிக்குள் போகும்போது, பனை ஓலையைக் கீழே போட்டு அதன்மேல் நின்று காலை ஆற்றிக்கொள்வார்களாம். “மணலு சுடாம இருக்குமா?” என்று கேட்டவளிடம், ஒரு கால் மட்டும் வைத்துப் பார் என்றேன்.

வைத்தாள். எடுக்கவில்லை. மற்ற செருப்பையும் கழற்றிவிட்டாள்.

ஜிப்சம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, உள்ளே வாங்குவதில்லை. கொஞ்சம் தோண்டினாலே ஈரம் தட்டுகிறது. நிலத்தடி நீர் அவ்வளவு மேலே இருப்பதால்தான் மேடுகள் மொத்தமாகப் பறந்து போகாமல் நிற்கின்றன. காலடியில் குளிர்ச்சி, தலைக்கு மேல் வெயில். ஆள் ஏமாறுவது இங்கேதான். கால் சுடாததால் உடம்பு காய்வது உறைக்காது. நிழல் என்று ஒரு பொட்டு இல்லை. 2015 ஆகஸ்டில் பிரான்சிலிருந்து வந்த ஒரு தம்பதி இங்கே ஒரு நடைபாதையில் வெப்பம் தாங்காமல் இறந்தார்கள். கூட வந்த குழந்தை பிழைத்துக்கொண்டது. நாங்கள் ஐப்பசியில் வந்திருக்கிறோம் என்றாலும் கால் மணிக்கு ஒருமுறை நாய்க்குத் தண்ணீர் ஊற்றினேன்.

மணலில் சின்னச் சின்னத் தடங்கள். ஒன்று நடுவில் வால் இழுத்த கோடும் இருபுறம் விரல் புள்ளியுமாகப் போய் ஒரு யுக்கா செடியின் அடியில் மறைந்தது. காலையில் பார்த்த கறுப்பு ஓணானின் பங்காளி இங்கே வெள்ளை. வேலி ஓணான் என்றே அதன் ஆங்கிலப் பெயரையும் சொல்லலாம். அதே இனம் கரும்பாறையில் கறுப்பாகவும் வெண்மணலில் வெளுப்பாகவும் இருக்கிறது. மணல்மேடுகளுக்கு வயது பத்தாயிரம் ஆண்டுக்குள்தான். நிறம் பொருந்தாததைப் பருந்து கொத்திக்கொண்டு போயிற்று, பொருந்தியது முட்டையிட்டுப் பெருகியது. எங்கள் கருப்பட்டி மட்டும் நேரெதிர். பாறையில் வார் இல்லாவிட்டால் கண்டுபிடித்திருக்கவே முடியாது. இங்கே அரை மைல் தள்ளி விட்டாலும் பாலில் விழுந்த ஈ மாதிரி தெரியும்.

அம்மாவுக்கு இன்னொரு தடத்தைப் பற்றிச் சொன்னேன். இந்தப் பள்ளத்தில் முன்பு பெரிய ஏரி இருந்தது. அதன் சேற்றில் மாமத் யானையும் மனிதர்களும் நடந்த தடங்கள் கிடைத்திருக்கின்றன. சில மனிதத் தடங்களுக்கு வயது 21,000 முதல் 23,000 ஆண்டுகள் என்று 2021இல் அறிவித்தார்கள். பத்தாயிரம் ஆண்டுக்கு முந்திய வேறொரு தட வரிசை ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். இளம்பெண்ணாக இருக்கலாம், ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேக வேகமாகப் போயிருக்கிறாள். அங்கங்கே குழந்தையின் குட்டிப் பாதமும் பதிந்திருக்கிறது. திரும்பி வரும்போது குழந்தை இல்லை.

“எறக்கி விட்டிருக்கா, கை வலிச்சிருக்கும்” என்றாள் அம்மா. “எடுப்புல எந்தப் பக்கம் வச்சிருந்தாளாம்?”

பிஞ்சுக் கேள்வி மாதிரி இருக்கிறது, ஆனால் ஆராய்ச்சிக்காரர்களும் இடது வலது பாதத் தடங்களின் வேறுபாட்டைத்தான் அளந்து பார்த்தார்கள். திரும்பும்போது குழந்தை ஏன் இல்லை என்பதை மட்டும் அம்மா கேட்கவில்லை. பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பாள் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

மையத்துக் கடையில் பெரிய தாம்பாளம் போன்ற பிளாஸ்டிக் சறுக்குத் தட்டு விற்கிறார்கள், அடியில் தேய்க்க மெழுகும் தருகிறார்கள். நாற்பது வயதில் மேட்டிலிருந்து சறுக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை, சறுக்கினேன். வாரை யார் பிடிப்பது? அம்மா கையை நீட்டினாள். நான் பாதி வழி இறங்கும்போது கருப்பட்டி என்னைத் துரத்திப் பாய, வாரை விடாமல் பிடித்திருந்த அம்மா நாலடி ஓடி, மணலில் அப்படியே குந்தி, உட்கார்ந்த வாக்கில் சறுக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவளோ மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாய் அவள் முகத்தை நக்கியது. “ச்சீ, போ” என்றாள், தள்ளவில்லை.

ஆறு மணிக்குச் சூரியன் சான் ஆண்ட்ரெஸ் மலைக்குப் பின்னால் இறங்கியது. வெண்மணல் முதலில் மஞ்சள், பிறகு வாடிய ரோஜா நிறம், கடைசியில் மேடுகளின் மறுபக்கம் முழுக்க நீலம். யாரும் சத்தமாகப் பேசவில்லை. அம்மா ஒரு பிடி மணலை அள்ளிக் கைக்குட்டையில் முடியப் பார்த்தாள், கோலத்துக்காம். எடுத்துப் போகக்கூடாது, சட்டம் என்றேன். “இம்புட்டு கெடக்கு, ஒரு புடிக்கு என்ன கேடு?” என்று முனகியபடி கொட்டிவிட்டாள்.

நாள் 3, ஞாயிறு

இன்று எழுத அதிகமில்லை. திரும்பும் வழியில், பூங்காவைத் தாண்டி 70ஆம் எண் சாலையில் எல்லைக் காவல் சோதனைச்சாவடி. மேற்கே போகும் எல்லா வண்டியும் நின்றாக வேண்டும். கடவுச்சீட்டுகளைக் கொடுத்தேன். அங்கே மோப்ப நாய் ஒன்று நின்றது, கடமையில் இருந்ததால் கருப்பட்டியைக் கண்டுகொள்ளவே இல்லை. நம்மாள் அவமானத்தில் ஜன்னலை விட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. இரண்டு நிமிடத்தில் போகச் சொல்லிவிட்டார்கள்.

“என்ன கேட்டான்?”

“எங்க போயிட்டு வாறோம்னு.”

“உப்பளத்துக்குன்னு சொல்ல வேண்டியதுதான.”

டெமிங் தாண்டியதும் பின்சீட்டில் சத்தமில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள், நாயின் தலை அவள் மடியில்.

வீடு வந்து கருப்பட்டியை வாசலில் வைத்துத் துவாலையால் துடைத்தேன். வயிற்றடி முடியிலும் விரலிடுக்கிலும் இருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்துகொண்டே இருந்தது. அம்மா துடைப்பத்தோடு வந்தவள், சிமெண்ட் தரையில் சேர்ந்திருந்த பொடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“இத நான் எடுத்துட்டு வரலப்பா” என்றாள்.